அபராதம் கட்டினால் பொறுப்பு தீர்ந்ததா?

மஸ்அலா கேட்க வருவோர் பெரும்பாலும் தொழுகை, நோன்பு, ஜகாத், நிகாஹ், பாகப்பிரிவினை ஆகியவற்றைப் பற்றியே கேட்கிறார்கள். உளூச் செய்யும்போது முழங்கையில் ஊசிமுனையளவு இடம் நனையாமற்போனால் அந்தத் தொழுகையை மீட்டித் தொழவேண்டுமா என்று கவலையோடு கேட்கிறார்கள். அந்தக் கவலை ஈமானின் அடையாளம். அதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அதே மனிதர், பனகல் பார்க் அருகே சிவப்பு விளக்கைத் தாண்டி வந்ததையும், பிடித்த காவலரின் கையில் நூறு ரூபாயைத் திணித்துவிட்டு வந்ததையும் ஒரு மஸ்அலாவாகவே கருதுவதில்லை. "அது கவர்ன்மெண்ட் விஷயம், மார்க்கத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்.

அண்மைக் காலமாக இளைஞர்கள் சிலர் இதைப் பற்றியும் கேட்கத் தொடங்கியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. அவர்களுடைய கேள்விகளை மூன்றாகச் சுருக்கலாம். போக்குவரத்து விதியை மீறுவது மார்க்கப்படி பாவமா? அபராதத்திலிருந்து தப்பக் காவலருக்குக் கொடுக்கும் சிறு தொகை லஞ்சமா? அபராதத்தை முறையாகக் கட்டிவிட்டால் அத்துடன் நம் பொறுப்பு தீர்ந்துவிடுமா? இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் நாட்டு நடப்பைச் சற்றுத் தெரிந்துகொள்வோம். நம் நாட்டில் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலை முதல் தேதியிலிருந்து நடைமுறைக்கு வந்தது. 2019-இல் அது கடுமையாகத் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் புதிய அபராதத் தொகைகள் 2022 அக்டோபரில் அமலாயின. அதுவரை ஹெல்மெட் அணியாதவருக்கு 100 ரூபாயாக இருந்த அபராதம் 1000 ரூபாயாயிற்று. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5000 ரூபாய். குடித்துவிட்டு ஓட்டினால் 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2018-லேயே அபராதத்தை ரொக்கமாக வாங்காமல் கார்டு மூலம் வாங்கும் ஏற்பாட்டுக்கு மாறியது. 2023 நவம்பரில் மாநகருக்கான வேக வரம்புகளும் அறிவிக்கப்பட்டன: ஆட்டோவுக்கு 40 கி.மீ., இருசக்கர வாகனத்துக்கு 50, காருக்கு 60, குடியிருப்புத் தெருக்களில் எந்த வாகனமானாலும் 30.

இவற்றைக் கேட்டதும் பலர் பெருமூச்சு விடுகிறார்கள். உஸ்மான் ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் நின்றபடியே நாளெல்லாம் வேலை பார்க்கும் சகோதரருக்கு ஆயிரம் ரூபாய் என்பது இரண்டு மூன்று நாள் கூலி. காரில் போகிறவருக்கோ அது ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவு. இந்த ஏற்றத்தாழ்வை நாம் மறுக்கவில்லை. தொகை அதிகம் என்று முறையிட வழியுண்டு, முறையிடலாம். ஆனால் தொகை அதிகமா குறைவா என்பது வேறு கேள்வி. செய்தது சரியா தவறா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் மனச்சாட்சி உறங்கிவிடுகிறது.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். விதியை மீறுவது பாவமா?

"மனிதர்கள் வகுத்த சட்டம்தானே? குர்ஆனிலும் ஹதீஸிலும் சிவப்பு விளக்கு இருக்கிறதா?" என்று கேட்கிறார்கள். சிவப்பு விளக்கு இல்லைதான். ஆனால் சாலையின் உரிமை இருக்கிறது. பாதையோரங்களில் அமர்வதைத் தவிர்த்துக்கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னபோது, எங்களுக்கு வேறு இடமில்லையே என்று சஹாபாக்கள் முறையிட்டார்கள். அப்படியானால் பாதைக்குரிய ஹக்கைக் கொடுத்துவிடுங்கள் என்று சொன்ன நாயகம் (ஸல்) அவர்கள், அந்த ஹக்குகளுள் ஒன்றாகப் பிறருக்குத் தொல்லை தராமலிருப்பதை எண்ணிக் காட்டினார்கள். இந்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்பது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரிந்த ஹதீஸ். பாதையில் கிடக்கும் முள்ளை எடுப்பது ஈமானின் கிளையென்றால், பாதையில் நாமே முள்ளாகிப் போவதை என்னவென்று சொல்வது?

நம் ஃபுகஹாக்கள் இதை இன்னும் நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் புர்ஹானுத்தீன் மர்கீனானீ (ரஹ்) அவர்களின் 'ஹிதாயா' நம் மதரஸாக்களில் இன்றும் ஓதிக் கொடுக்கப்படுகிறது. அதில் தியத் பற்றிய பகுதியில், சவாரி மிருகத்தால் ஏற்படும் சேதத்துக்கு யார் பொறுப்பு என்ற விவாதம் வருகிறது. பொதுப்பாதையில் போவது எல்லாருக்கும் ஆகுமானது. ஆனால் அந்த அனுமதி, பிறருக்குச் சேதம் வராமலிருக்கவேண்டும் என்ற நிபந்தனைக்கு உட்பட்டது என்பது அங்கே அடிப்படை. ஆகவே மிருகம் முன்னங்காலால் மிதித்துச் சேதப்படுத்தினால் சவாரி செய்தவர் பொறுப்பாளி. ஏனெனில் அது அவரால் தவிர்க்கக் கூடியது. ஓடும்போது பின்னங்காலால் உதைத்தால் பொறுப்பில்லை. ஏனெனில் அது அவர் கட்டுப்பாட்டில் இல்லை. ஆனால் அவரே மிருகத்தைப் பாதையில் நிறுத்தி வைத்து, அது உதைத்துவிட்டால் அதற்கும் அவரே பொறுப்பாளி. உதைப்பதைத் தடுக்க முடியாவிட்டாலும், நிறுத்தாமலிருக்க அவரால் முடியுமல்லவா?

குதிரையின் இடத்தில் மோட்டார் சைக்கிளை வைத்துப் பாருங்கள். தவிர்க்க முடிந்ததைத் தவிர்க்காதவன் பொறுப்பாளி என்ற அளவுகோல் லஸ் கார்னரிலும் அடையாறு சிக்னலிலும் அப்படியே பொருந்துகிறது. வேக வரம்பு, சிக்னல், ஒருவழிப் பாதை இவையெல்லாம் எதற்காக? தவிர்க்கக்கூடிய சேதத்தைத் தவிர்ப்பதற்காகவே. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 உயிர்கள் போயின. அவற்றில் 50,029 பேர் ஹெல்மெட் அணியாத இருசக்கர வாகனப் பயணிகள். அதே ஆண்டில் தமிழ்நாட்டில் நடந்த விபத்துகள் 64,105. மாநிலங்களுள் இதுவே மிக அதிகம். ஓர் உயிரைக் காப்பாற்றியவர் மனித குலம் முழுவதையும் காப்பாற்றியவர் போன்றவர் என்று அல்மாயிதா அத்தியாயத்தில் படிக்கும் நாம், இந்த எண்களைச் செய்தித்தாளில் படித்துவிட்டு மடித்து வைத்துவிட முடியாது.

இரண்டாவது ஆதாரம், ஒப்பந்தம். ஆட்சியாளருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற வசனத்தை எடுத்துச் சொன்னால், "அது முஸ்லிம் ஆட்சியாளரைப் பற்றியது" என்று சிலர் வாதிடுகிறார்கள். அந்த வாதத்துக்குள் நாம் போகவேண்டிய அவசியமே இல்லை. லைசென்ஸ் வாங்கும்போது விண்ணப்பத்தில் கையொப்பமிடுகிறோம். விதிகளை அறிந்தவன் என்று பரீட்சை கொடுக்கிறோம். எல்லாரும் இடது பக்கம் போவார்கள் என்று நம்பித்தான் நாமும் சாலையில் இறங்குகிறோம். இது ஓர் உடன்படிக்கை. உடன்படிக்கைகளை நிறைவேற்றும்படி குர்ஆன் கட்டளையிடுகிறது; வாக்குறுதியைப் பற்றி மறுமையில் விசாரணை உண்டு என்றும் எச்சரிக்கிறது. எதிர்த்தரப்பு முஸ்லிமாக இருந்தால்தான் வாக்கைக் காப்பாற்றவேண்டும் என்று எங்கும் சொல்லப்படவில்லை. ஹுதைபிய்யாவில் மக்கத்துக் குறைஷிகளோடு செய்த ஒப்பந்தத்தை, அது தமக்குக் கடினமாக இருந்தபோதும், நாயகம் (ஸல்) அவர்கள் காத்து நின்றதை நாம் அறிவோம்.

"சரி, பஜ்ருக்குப் போகிறேன். சாலையில் ஈ காக்கை இல்லை. கேமராவும் இல்லை. அப்போதும் சிவப்பு விளக்கில் நிற்கவேண்டுமா?" என்று ஓர் இளைஞர் கேட்டார். நல்ல கேள்வி. யாருக்கும் சேதமில்லாத இடத்தில் விதியை மீறுவதே பாவமா, சேதம் நேர வாய்ப்பிருந்தால்தான் பாவமா என்பதில் இக்கால உலமாக்களிடையே இரு கருத்துகள் உண்டு. ஆகவே அதைப் பெரும்பாவம் என்று சொல்லி யாரையும் அச்சுறுத்த நாம் விரும்பவில்லை. ஆனால் இரண்டு விஷயங்களை யோசிக்கவேண்டும். "யாருமில்லை" என்பது நம் கண்ணின் தீர்ப்பு. பால் வண்டி தெருமுனையில் திரும்புவதும், விளக்கில்லாத சைக்கிள் வருவதும் அதே நேரத்தில்தான். அடுத்து, விதிக்கு விலக்கு எப்போது என்பதை ஒவ்வொருவரும் தமக்குத் தாமே தீர்மானித்தால் விதி என்று ஒன்றே மிஞ்சாது. அல்லாஹ்வைப் பார்ப்பதுபோல் வணங்கு. நீ அவனைப் பார்க்காவிட்டாலும் அவன் உன்னைப் பார்க்கிறான் என்ற இஹ்ஸானின் பாடம் தொழுகைப் பாயோடு முடிந்துவிடுவதில்லை. பள்ளிக்குப் போகும் வழியில் இரண்டு நிமிடம் நிற்பதும் அந்த வணக்கத்தின் ஒரு பகுதியாகட்டுமே! ஜமாஅத்துக்கு ஓடி வராமல் அமைதியாக நடந்து வரும்படி நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. அரஃபாத்திலிருந்து திரும்பும்போது மக்கள் ஒட்டகங்களை அடித்து விரட்டும் சத்தம் கேட்டு, நன்மை வேகத்தில் இல்லை, அமைதியைக் கடைப்பிடியுங்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி புகாரியில் இருக்கிறது. ஹஜ்ஜின் பாதையிலேயே வேகத்துக்கு இடமில்லையென்றால், கச்சேரி ரோட்டில் எப்படி இருக்கும்?

இரண்டாவது கேள்வி லஞ்சம் பற்றியது. கொடுப்பவர், வாங்குபவர் இருவர் மீதும் நாயகம் (ஸல்) அவர்களின் சாபம் உண்டு என்பதை அறியாதவர் இல்லை. ஆனாலும் இரண்டு சாக்குகள் சொல்கிறார்கள்.

ஒரு சாக்கு: "அநீதியைத் தடுத்துக்கொள்ளப் பணம் கொடுத்தால் கொடுப்பவர்மீது குற்றமில்லை என்று ஃபிக்ஹு நூல்களில் இருக்கிறதே!" இருக்கிறது. தமக்குரிய உரிமை மறுக்கப்பட்டு, வேறு வழியே இல்லாத நிலையில், அதைப் பெறக் கொடுப்பவரைப் பற்றிய சலுகை அது. ஹெல்மெட் இல்லாமல் வந்தவரைப் பிடித்துச் சலான் எழுதுவதில் என்ன அநீதி இருக்கிறது? ஆயிரம் கொடுக்கவேண்டியவர் இருநூறு கொடுத்து எண்ணூறை மிச்சப்படுத்தினால், அவர் தடுத்தது அநீதியை அல்ல, நீதியையே. சலுகையை அதற்குரிய இடத்திலிருந்து பெயர்த்துத் தன் வசதிக்கு நட்டுக்கொள்வது அறிவுடைமையல்ல.

மற்றொரு சாக்கைச் சற்றுப் படித்தவர்கள் சொல்கிறார்கள்: "தண்டனையாகப் பணம் வாங்குவதே ஹனஃபீ, ஷாஃபிஈ மத்ஹபுகளில் கூடாது என்கிறார்கள், அப்படியிருக்க அபராதத்திலிருந்து தப்புவது எப்படிக் குற்றமாகும்?" பணத்தால் தண்டிப்பது பற்றி இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பது உண்மை. அனுமதித்தவர்களும் இருக்கிறார்கள், இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களிடமிருந்தும் அனுமதி அறிவிக்கப்படுகிறது. ஆனால் அந்த விவாதம், தண்டிக்கும் அதிகாரத்தின் எல்லை பற்றியது. குற்றம் செய்தவர் பொய் சொல்லலாம், லஞ்சம் கொடுக்கலாம் என்று எந்த இமாமும் அதிலிருந்து முடிவெடுக்கவில்லை. ஓர் அபிப்பிராய பேதத்தின் நிழலில் ஒரு தெளிவான ஹராமை மறைக்க முடியாது.

நாட்டுச் சட்டமும் இதில் மார்க்கத்தின் பக்கமே நிற்கிறது. 2018-இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டப்படி லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி. ஏழாண்டு வரை சிறை உண்டு. வற்புறுத்தலால் கொடுக்க நேர்ந்தவர் ஏழு நாட்களுக்குள் புகார் செய்தால் அவருக்கு விலக்கு உண்டு. வேறு வழியில்லாதவருக்குச் சலுகை, தானாகக் கொடுப்பவருக்குத் தண்டனை என்ற பகுப்பு நம் ஃபுகஹாக்களின் பகுப்போடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பாருங்கள். உண்மையிலேயே தவறான வழக்குப் போடப்பட்டிருந்தால், அதை மறுத்து நீதிமன்றத்துக்குப் போகும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. அலைச்சல் இருக்கலாம். அலைச்சலை மிச்சப்படுத்த ஹராமை விலையாகக் கொடுக்க அனுமதியில்லை.

பணம் கொடுக்காமல் போன் போடுகிறவர்களும் உண்டு. "கவுன்சிலர் நம்ம ஆள்", "இன்ஸ்பெக்டர் தெரிந்தவர்" என்று சொல்லித் தப்புகிறவர், லஞ்சம் கொடுக்கவில்லை என்று திருப்திப்படுகிறார். மக்ஸூம் குலத்துப் பெண்ணுக்காக உஸாமா (ரலி) அவர்கள் பரிந்து பேச வந்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் முகம் சிவந்ததையும், செல்வாக்குள்ளவரை விட்டுவிட்டு எளியவரைத் தண்டித்ததால்தான் முந்திய சமுதாயங்கள் அழிந்தன என்று எச்சரித்ததையும் நினைத்துப் பார்க்கவேண்டும். அது ஹத்துக் குற்றம், இது சிறியது. ஆனால் நோய் ஒன்றுதான். போன் போட ஆளில்லாத அந்த ஜவுளிக்கடைச் சகோதரர் மட்டும் ஆயிரம் ரூபாய் கட்டவேண்டுமா?

இனி மூன்றாவது கேள்வி. அபராதம் கட்டினால் தீர்ந்ததா?

அபராதம் அரசுக்கும் நமக்கும் உள்ள கணக்கு. அதற்கப்பால் இரண்டு கணக்குகள் இருக்கின்றன. ஒன்று அல்லாஹ்வோடு, அதற்குத் தௌபா வேண்டும். மற்றொன்று அடியார்களோடு; பாதிக்கப்பட்டவர் இருந்தால் அவருக்கு ஈடு செய்து, அவருடைய மன்னிப்பையும் பெறவேண்டும். நம் வாகனத்தால் ஒருவர் இறந்துவிட்டால், நிலைமை எவ்வளவு பாரதூரமானது என்பதை நம்மில் பலர் உணரவில்லை. தவறுதலாக நேர்ந்த கொலைக்குத் தியத்தும் கஃப்பாராவும் உண்டென்று அன்னிஸா அத்தியாயம் கூறுகிறது. அடிமையை விடுதலை செய்ய வாய்ப்பில்லாத இக்காலத்தில் கஃப்பாரா என்பது தொடர்ந்து இரண்டு மாதம் நோன்பு நோற்பதாகும். சவாரி செய்தவரின் மிருகம் மிதித்து ஒருவர் இறந்தால் அவர்மீது கஃப்பாரா உண்டு என்று ஹனஃபீ நூல்கள் தெளிவாகவே கூறுகின்றன. நீதிமன்றம் விடுதலை செய்தாலும், இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் கொடுத்தாலும், அந்த நோன்பை வேறு யாரும் நமக்காகப் பிடிக்க முடியாது. இறந்தவர்மீதே முழுத் தவறும் இருந்த நேர்வுகளில் சட்டம் மாறும்; அத்தகைய நிலையில் உள்ளவர்கள் நேரில் ஆலிம்களை அணுகி விவரம் சொல்லித் தெளிவு பெறவேண்டும். அடித்துவிட்டு ஓடிப்போவது மட்டும் எந்தக் கணக்கிலும் மன்னிக்கத் தக்கதல்ல. அடிபட்டவரை மருத்துவரிடம் சேர்ப்பது ஓட்டியவரின் கடமை என்று சட்டமும் சொல்கிறது.

இன்ஷூரன்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. வட்டி கலந்தது என்ற பேணுதலால் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் கூட எடுக்காமல் வண்டி ஓட்டும் சகோதரர்கள் இருக்கிறார்கள். சட்டம் கட்டாயப்படுத்தும் அளவுக்கு எடுத்துக்கொள்ள நம் நாட்டு முஃப்திகள் பலர் அனுமதித்திருக்கிறார்கள். தவறுதலான கொலையின் தியத்தைக் கொன்றவர் ஒருவர் தலையில் மட்டும் சுமத்தாமல் அவருடைய 'ஆகிலா'வின்மீது பகிர்ந்ததும், பாதிக்கப்பட்ட குடும்பம் வெறுங்கையோடு நிற்கக்கூடாது என்பதற்காகவே. இரண்டும் ஒன்று என்று நாம் சொல்லவில்லை. ஆனால் நம் பேணுதலின் செலவை, நம்மால் அடிபட்ட ஓர் ஏழையின் வீட்டார் சுமப்பது பேணுதலாகாது.

இறுதியாக நம் வீடுகளுக்குச் சில சொற்கள்.

தகப்பன்மார்களே! பதினைந்து வயது மகனிடம் ஸ்கூட்டர் சாவியைக் கொடுத்து, தங்கையை டியூஷனில் விட்டு வரச் சொல்லாதீர்கள். 2019-இன் திருத்தப்படி, சிறுவர் ஓட்டிய குற்றத்துக்குப் பாதுகாவலரோ உரிமையாளரோ பொறுப்பாளி: மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவும் ஓராண்டுக்கு ரத்து. அதற்கு முன்பே, தன் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படும் மேய்ப்பர் நீங்கள்.

தொப்பி அணிந்திருப்பதால் ஹெல்மெட் வேண்டாமென்று யாரும் நினைக்கவேண்டாம். சட்டத்தில் தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கு விலக்குண்டு, நமக்கில்லை. 2015 ஜூலை முதல் பின்னால் அமர்பவரும் ஹெல்மெட் அணியவேண்டுமென்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நம் வீட்டுப் பெண்களுக்கும் அது பொருந்தும். தொப்பியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பள்ளிவாசலில் அணியலாம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. பின்னால் அமரும் பெண்களின் புர்கா சக்கரத்தில் சிக்காதபடி தடுப்பு பொருத்துங்கள்.

நம்பர் பிளேட்டில் 786 எழுதுவதும் பிறைச் சின்னம் ஒட்டுவதும் பரக்கத்துக்காக என்கிறார்கள். நம்பர் பிளேட்டில் விதிப்படியான பதிவெண்ணைத் தவிர வேறெதற்கும் இடமில்லை. 2024 மே மாதம் முதல் சென்னையில் இதற்கெனத் தனி நடவடிக்கையே எடுத்தார்கள். மார்க்கச் சின்னத்தைச் சுமந்த வண்டி எதிர்த்திசையில் வந்தால், பார்ப்பவர் நம்மை மட்டுமா ஏசுவார்?

ஜும்ஆ நாளில் பள்ளிவாசல் முன் சாலையை அடைத்து வண்டி நிறுத்துவது நாம் எல்லாரும் கண்டும் காணாமலும் இருக்கும் தவறு. வாகனத்தை நிறுத்தும் விஷயத்தில் பள்ளிவாசலின் வாயிலும் பொதுப்பாதையைப் போன்றதே என்றும், நிறுத்துவதற்கென்று இடம் ஒதுக்கப்பட்டிருந்தால் மட்டுமே பொறுப்பு நீங்கும் என்றும் நம் ஹனஃபீ நூல்கள் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே பேசியிருக்கின்றன. ஒரு பர்ளை நிறைவேற்ற வந்தவரின் வண்டியால் ஓர் ஆம்புலன்ஸ் நின்றுபோனால், அந்த நோயாளியின் ஹக்கை எங்கே போய்த் தீர்ப்பது? மஹல்லா ஜமாஅத்துகள் தொண்டர்களை நிறுத்தி, வண்டிகளை ஒழுங்குபடுத்துவது இன்றே தொடங்கக்கூடிய காரியம்.

அபராதச் சீட்டு கையில் வரும்போது கோபப்படுவதற்கு முன் ஒரு கணம் யோசிப்போம். பிடிபட்டது இந்த ஒரு முறை, பிடிபடாதவை எத்தனை? இம்மையில் ஆயிரம் ரூபாயோடு ஒரு தவறை நினைவூட்டிய நாயனுக்கு நன்றி செலுத்தி, தொகையை முறையாகக் கட்டி, அதே தவறுக்குத் திரும்பாமலிருப்பதே முஃமினுக்கு அழகு.

வல்ல அல்லாஹ் நம் கைகளாலும் வாகனங்களாலும் எவருக்கும் தீங்கு நேராமல் காத்து, பாதையின் ஹக்கைப் பேணுகிறவர்களாக நம்மையும் நம் மக்களையும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.